கங்கனல் யாரோட வார்த்தை

இதை நான் எங்க பேச்சுலயே எழுதறேன். 'வூடு'ன்னு எழுதினா வூடு தான். யாராவது பெரிய மனசு பண்ணி அதை 'வீடு'ன்னு திருத்தினீங்கன்னா, உங்களுக்கும் எனக்கும் பேச்சே கெடையாது. ஒரு தரம் திருத்த விட்டுப் பட்டதே எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

திருத்தினவர் செங்கல்பட்டுல, சபை ஊழியத்துக்கு ஆள் படிக்கற ஒரு வேதபாடசாலையில கிரேக்கம் சொல்லிக் குடுத்த வாத்தியார். சீமையில படிச்சவர், தெக்கத்திக்காரர், பேசினா அச்சடிச்ச புஸ்தகம் பேசற மாதிரி இருக்கும். செத்துட்டார். செத்தவங்களத் திட்டக் கூடாதும்பாங்க. உயிரோட இருந்தப்போ முழுசாத் திட்டி முடிக்கல, அதனால மிச்சத்த இப்ப திட்டறேன். 'வந்தார்' 'சொன்னார்'னு மரியாதை குடுத்து எழுதறது கூடப் பழக்கதோஷம் தான், மனசுல இருந்து வரல.

நான் கோவளத்துப் பொண்ணு. எங்க நைனா கட்டுமரத்துல போறவர். எங்க ஊரு கிறிஸ்தவங்கள்ல முக்காவாசி மாதா கோயில்காரங்க. நாங்க நாலஞ்சு குடும்பம் மட்டும் ஒரு ஓட்டுக் கொட்டாயில ஜெபம் பண்ற சபைக்காரங்க. அவங்க 'சர்வேசுரன்'ம்பாங்க, நாங்க 'தேவன்'ம்போம், இதுக்கே குழாயடியில கொடத்தத் தூக்கிகினு சண்ட வரும். ஒரே புஸ்தகத்த ரெண்டு பேரு ரெண்டு விதமா மொழிபெயர்த்தா இன்னா ஆகும்ன்றத நான் காலேஜுல படிக்கல, குழாயடியில பார்த்தேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு, தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, எழுபதுங்க ஆரம்பத்துல அந்த வேதபாடசாலையில டைப்பிஸ்டாச் சேர்ந்தேன். திங்கக்கிழமை காலம்பற கோவளத்துல பஸ் ஏறி, கேளம்பாக்கம், திருப்போரூர்னு ஊரெல்லாம் சுத்திகினு செங்கல்பட்டு போய்ச் சேருவேன். சனிக்கிழமை மறுபடி வூடு. நடுவுல ஏரிக்கரைப் பக்கம் ஒரு விடுதி, மத்தியானம் ஆனா வாய்ல வெக்க முடியாத ஒரு சாம்பாரு.

தமிழ் டைப்ரைட்டர்ல கிரேக்க எழுத்து ஏது? வாத்தியார் சொல்லச் சொல்ல நான் அடிச்சுகினே போவேன். கிரேக்க வார்த்தை வர்ற எடத்துல நாலஞ்சு தட்டு தட்டி எடம் விடுவேன். அப்புறம் அவரு பேனாவால நிரப்பணும். மனுஷனுக்குச் சோம்பேறித்தனம். வகுப்புக்கு நகல் எடுக்கற ஸ்டென்சில் போறப்போ பாதி எடம் காலியாவே போவும், புள்ளைங்க மொணமொணம்பாங்க. பார்த்துப் பார்த்து எனக்கே பொறுக்கல. அவரோட புஸ்தகத்தப் பார்த்து எழுத்துங்கள ஒவ்வொண்ணாக் கத்துக்கினு, ஊசிப் பேனாவால நானே ஸ்டென்சில நிரப்ப ஆரம்பிச்சேன். ஒரு மாசம் கழிச்சுத் தான் அவருக்கே தெரிஞ்சுது. திட்டல. "இனிமேல் நீயே நிரப்பிவிடம்மா"ன்னார். வேலை ஒழிஞ்சுதேன்னு அவருக்கு சந்தோஷம். நோகாம நோம்பு கும்புடறதுல அவரு அப்பவே கெட்டிக்காரர். எனக்குத் தான் அது புரியல.

அதுக்கப்புறம் கடைசி பெஞ்சுல ஒக்காந்து வகுப்பும் கேட்டேன். மூணு வருஷத்துல அகராதி வெச்சுகினு நாலு வரி தடுமாறாமப் படிக்கற அளவுக்கு வந்துட்டேன். வகுப்புல எல்லாரும் ஆம்பளைங்க, ஊழியத்துக்குப் படிக்கறவங்க. ஒரு நாள் நான் "இன்னா ஐயா, இந்த எடத்துல வினையோட காலம் மாறிப் போயிருக்குது"ன்னு கேட்டேன். அவரு சாக்பீஸக் கீழ வெச்சுட்டு, "முதல் சுவிசேஷத்தில் அந்த மீன்பிடிக்கும் சீடனை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பேச்சை வைத்து. நம் சகோதரியையும் அப்படியே கண்டுபிடித்துவிடலாம்"ன்னார். மொத்த வகுப்பும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அதுக்குத் தான் இன்னிக்கும் என் மேலயே எனக்குக் கோவம்.

அவரோட பெரிய பாடம் ஒண்ணு இருந்துச்சு, வருஷா வருஷம் நடத்துவார். பெரிய அப்போஸ்தலன் எழுதினதாச் சொல்ற நிருபங்கள்ல, அதான் கடுதாசிங்கள்ல, சிலது அவரு எழுதினதே இல்ல, அவரு பேர்ல வேற யாரோ எழுதினதுன்னு. எப்படித் தெரியும்? வார்த்தைங்கள வெச்சு. மத்த நிருபங்கள்ல ஒரு எடத்துலயும் வராத வார்த்தைங்க இதுல வரும். "பெயரை மாற்றிப் போடலாம். வாய்ப்பழக்கத்தை மாற்றிப் போட முடியாது. ஒரு சொல் போதும், இன்னொரு கை இருந்ததைக் காட்ட"ம்பார். ஒரு வருஷம் ஒரு தாடிக்காரத் தம்பி எழுந்து, "அப்போ அது பொய்க் கையெழுத்தா ஐயா? பொய்ய வேதம்னு வெச்சு நாங்க பிரசங்கம் பண்ணணுமா?"ன்னு கொதிச்சுட்டான். வாத்தியார் பதறல. குருவோட பேர்ல சீஷன் எழுதறது அந்தக் காலத்துல தப்பில்ல, அது மரியாதைன்னார். அந்தப் பாடத்த எத்தன தரம் நான் ஸ்டென்சில் அடிச்சிருப்பேன். எனக்கு மனப்பாடம்.

அப்போ தான் புதுத் தமிழ்ல நாலாவது சுவிசேஷத்த மொழிபெயர்க்கற வேலை அவரு கைக்கு வந்துச்சு. பழைய மொழிபெயர்ப்புங்க ஜனங்களுக்குப் புரியல, கிரேக்கத்துல இருந்து நேரா, எளிமையாப் பண்ணணும்னு மேல இருந்து உத்தரவு. வாத்தியாருக்கு ஏது நேரம்? இன்னிக்கு மதுரை, நாளைக்கு பெங்களூருன்னு கூட்டம். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "முதல் அத்தியாயம் நீ செய்து பாரேன்"ன்னார். செஞ்சேன். ரெண்டாவதும் நானே, மூணாவதும் நானே. அஞ்சாவது அத்தியாயத்துல நான் வாய் விட்டுக் கேட்டேன், "ஐயா, இதுல என் பேரு வருமா?" "வராமல்? என் பெயருக்குக் கீழே உன் பெயர். அப்புறம் நீ டைப்பிஸ்ட் இல்லை அம்மா, மொழிபெயர்ப்பு உதவியாளர். அந்தப் பதவிக்கு நானே எழுதுகிறேன்"ன்னார்.

எனக்கு வேற இன்னா வேணும்? அந்தப் பேரு அச்சுல ஏறிச்சுன்னா டைப்ரைட்டர் முன்னாடி இருந்து எழுந்து, அகராதி இருக்கற மேஜைக்குப் போயிடுவேன். அதுக்காக ரெண்டு வருஷம் ஒழைச்சேன். மூணு பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, கிரேக்கப் புஸ்தகம், கிழிஞ்சு போன ஒரு அகராதி. சனிக்கிழமை வூட்டுக்குப் போனா நைனாவுக்குப் படிச்சுக் காட்டுவேன். அவருக்கு எழுத்து தெரியாது, ஆனா காது கூரு. கடைசி அத்தியாயத்துல அந்த மீன்காரச் சீஷன் ஒடம்புல துணி இல்லாம இருந்தவன், கரையில ஆண்டவரப் பார்த்துட்டு மேல்துணியக் கட்டிகினு கடல்ல குதிச்சான்னு வரும். நைனா வலை பின்னிகினே, "கடல்ல குதிக்கிறவன் துணியக் கழட்டுவான். எவனாவது கட்டுவானா?"ன்னார். அகராதியப் பார்த்தா, அந்த வினைச்சொல்லுக்கு வாரிச் சொருவறதுன்னும் அர்த்தம் கீது. "அப்டி சொல்லு. அவுந்து கால்ல மாட்டாம வாரி இடுப்புல சொருவிகினு குதிச்சிருப்பான். அவன் மரத்துல போறவன்டி"ன்னார். அப்படியே எழுதினேன்.

இப்போ அந்த வார்த்தைக்கு வரேன். கிரேக்கத்துல 'அந்த்ராகியா'ன்னு ஒண்ணு கீது. கரித்துண்டுங்க செவந்து கெடக்கற நெருப்பு. புது ஏற்பாடு மொத்தத்துலயும் ரெண்டே எடத்துல தான் வரும், ரெண்டும் நாலாவது சுவிசேஷத்துல. ஒண்ணு, ஆண்டவரப் புடிச்சுகினு போன ராத்திரி அந்த மீன்காரச் சீஷன் ஒரு வூட்டு முத்தத்துல குளிர் காஞ்சுகினு, 'அந்த ஆள எனக்குத் தெரியாது'ன்னு சொல்ற எடம். இன்னொண்ணு, எல்லாம் முடிஞ்சப்புறம் ஆண்டவரு கரையில நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வெச்சுகினு, வாங்க சாப்பிடுங்கன்னு அவனக் கூப்பிடற எடம். எழுதினவன் தெரிஞ்சு தான் வெச்சிருக்கான். அதனால ரெண்டு எடத்துலயும் ஒரே தமிழ் வார்த்தை வரணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். யோசிக்கவே இல்ல, 'கங்கனல்'ன்னு அடிச்சேன். எங்க வூட்ல சவுக்குக் கட்டை எரிஞ்சு, ஜ்வாலை அடங்கி, மீன் சுடற பதத்துக்கு வந்தா அது கங்கனல். "கங்கனல் ஆயிடுச்சா?"ன்னு அம்மா கேக்கும். ஒலகமே அப்படித் தான் சொல்லும்னு நான் நெனச்சுகினு இருந்தேன்.

வாத்தியார் அதப் படிச்சுட்டு பேனாவால அடியில ஒரு கோடு போட்டார். அடிச்சுடப் போறாருன்னு நெனச்சேன். "கங்கு, அனல். கங்கனல். அருமையான பழஞ்சொல். கடற்கரையில் இன்னும் உயிரோடு இருக்கிறதா?"ன்னார். நான் பெருமையாத் தலையாட்டினேன். அந்த வாரம் வூட்டுக்குப் போய் அம்மா கிட்ட சொன்னா, அது வயித்தப் புடிச்சுகினு சிரிக்குது. "பழஞ்சொல்லா? அது நீ சொன்னதுடி. ரெண்டு வயசுல நைனா மீன் சுடறப்போ வெரல வெச்சுட்டே. கங்குன்னு சொல்லத் தெரியல, தணல்னும் சொல்லத் தெரியல, ரெண்டத்தையும் கொழப்பி கங்கனல் கங்கனல்னு ஊரக் கூட்டினே. அன்னிலேர்ந்து உங்க நைனா அதையே புடிச்சுகினாரு. பக்கத்து வூட்ல கேட்டுப் பாரு, ஒருத்தருக்கும் தெரியாது." கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியல. வாத்தியார் கிட்ட சொல்லணும்னு தான் இருந்தேன். வெக்கமா இருந்துச்சு, விட்டுட்டேன்.

புஸ்தகம் அச்சாகி வந்துச்சு. மொத கட்டு பிரிச்சதே நான் தான். முகப்புல அவரு பேரு. கீழ பார்த்தேன், இல்ல. திருப்பினேன், இல்ல. முன்னுரையோட கடைசி வரியில, 'தட்டச்சு செய்து உதவிய சகோதரிக்கும்' நன்றின்னு இருந்துச்சு. சகோதரிக்குப் பேரு கூட கெடையாது. அதே முன்னுரையில ஒரு பாரா முழுக்க கங்கனல் புராணம். ஏட்டிலே மறைந்து கடற்கரை மக்கள் நாவிலே வாழும் தொன்மையான சொல்லைத் தாம் கண்டெடுத்தாராம். ஊரான் வூட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னானாம்.

நேரா அவரு ரூமுக்குப் போனேன். "இன்னா ஐயா இது? என் பேரு எங்க?"

கண்ணாடியக் கழட்டித் தொடச்சார். "நிருபங்களைப் பற்றி நான் நடத்தும் பாடத்தை நீதானே அம்மா அடிக்கிறாய்? குருவின் பெயரில் சீடன் எழுதுவது மரியாதை."

"அங்க சீஷன் தானா வந்து குருவோட பேரப் போட்டான். குரு புடுங்கிக்கல."

மொகம் மாறிப் போச்சு. "நீ எழுதினாய் என்பதற்கு என்ன சான்று? எடுத்துக் காட்டு."

எங்க போய் எடுக்க? நான் எழுதினதெல்லாம் டைப். டைப்புல எவ கை, எவன் கைன்னு தெரியுமா? அதுல பேனா மையில கீறது எல்லாம் அவரு போட்ட கோடு, அவரு போட்ட திருத்தம். பார்க்கறவன் கண்ணுக்கு அவரு சொல்ல நான் அடிச்ச மாதிரி தான் இருக்கும். அந்த நேரத்துல வாய மூடிகினு இருந்திருக்கணும். இருக்கல. "கங்கனல் கீது இல்ல? அது பழஞ்சொல்லும் இல்ல, ஊர்ச்சொல்லும் இல்ல. ரெண்டு வயசுல நான் ஒளறினது. எங்க வூட்டத் தவிர ஒலகத்துல எங்கயும் கெடையாது. வெளியீட்டுக் கூட்டத்துல எல்லார் எதிர்லயும் கேக்கறேன், எங்க நைனா வந்து சொல்லுவாரு. ஒரு சொல் போதும்னு நீங்க தான சொல்லிக் குடுத்தீங்க?"ன்னு கொட்டிட்டு வந்தேன். வேட்டைக்குப் போறவ நரிக்கு ஆள் அனுப்பிச் சொல்லிட்டுப் போன கதை.

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலம்பற. நைனா வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெ வெச்சுப் படிய வாரிகினு வந்திருந்தாரு. எல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். "நான் கேப்பேன், நீ எழுந்து நெசத்தச் சொன்னாப் போதும்." "சொல்லாம? எம் பொண்ணு எழுதினத எவன் இல்லன்றது?"ன்னாரு. கூட்டத்துக்கு அரை மணி முன்னாடி வாத்தியார் தானே வாசலுக்கு வந்து, நைனாவக் கையப் புடிச்சு ரூமுக்கு அழைச்சுகினு போய் டீ குடுத்தார். பயந்துட்டாரு, மரியாத பண்றாருன்னு தான் நான் நெனச்சேன். என் தங்கச்சி ஞாபகமே எனக்கு வரல. அது நர்ஸ் படிப்புக்கு மிஷன் ஆஸ்பத்திரியில போட்ட அப்ளிகேஷன் போன வருஷமே திரும்பி வந்துடுச்சு. பெரிய மனுஷங்க லெட்டர் இல்லாம எடுக்க மாட்டோம்னுட்டாங்க. அந்த ஆஸ்பத்திரிக் கமிட்டியில வாத்தியார் ஒரு ஆளு.

பிஷப் தலைமை. பாட்டு, ஜெபம், மால. வாத்தியார் பேசினார், கங்கனலப் பத்தி மட்டும் கால் மணி நேரம். முடிஞ்சதும் நான் எழுந்தேன். இந்த சுவிசேஷத்த மொழிபெயர்த்தது நான், சாட்சி அந்த வார்த்தை, அது எங்க வூட்டு வார்த்தை, எங்க நைனா இங்க கீறாருன்னு சொன்னேன். கூட்டம் சலசலத்துச்சு. வாத்தியாருக்கு வேர்க்கக் கூட இல்ல. "தந்தையாரையே கேட்போமே. பெரியவரே, இந்தச் சொல் உங்கள் வீட்டுச் சொல்லா?"

நைனா எழுந்து, தோள்ல இருந்த துண்ட எடுத்துக் கக்கத்துல வெச்சுகினாரு. கலெக்டர் ஆபீசுல தவிர அப்படி வெச்சு நான் பார்த்ததில்ல. "எனக்குத் தெரியாதுங்க ஐயா"ன்னாரு.

பிஷப் நல்ல மனுஷன். "பயப்படாமல் சொல்லுங்கள், வீட்டில் யாரும் சொல்வதுண்டா?"ன்னு கேட்டார்.

"இல்லீங்க."

"நைனா"ன்னேன் நான். "மீன் சுடறப்போ நீ இன்னா சொல்லுவே?"

அவரு என்னப் பார்க்கல. மேடையப் பார்த்துகினே, "அப்டி ஒரு வார்த்தய நான் கேட்டதே இல்லீங்க"ன்னாரு.

பின் வரிசையில யாரோ சிரிச்சாங்க. பிஷப் அடுத்த பாட்டுக்குச் சொல்லிட்டாரு. நான் நின்னுகினே இருந்தேன், அப்புறம் ஒக்காந்தேன்.

பஸ்ஸுல நானும் நைனாவும் ஒரே சீட்டு. திருப்போரூர்ல பஸ் நின்னுச்சு. அங்க அவரு சட்டப் பைய ஒரு தரம் தொட்டுப் பார்த்துகினாரு. உள்ள நாலா மடிச்ச கவரு. வேதபாடசாலை கவரு எனக்குத் தெரியாதா? அதுல வெலாசம் அடிச்சது கூட நான் தான், முந்தின நாளு. ஆஸ்பத்திரிக்கு ஏதோ கடுதாசின்னு நெனச்சு அடிச்சேன்.

தங்கச்சி நர்ஸாவே ஆயிடுச்சு, நல்ல நர்ஸ், நாலு பேர நிமித்தி வுட்டவ. அவ மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நான் அப்புறம் அந்த வேதபாடசாலை வாசப்படிய மிதிக்கல. வேற ஊர்ல, கோர்ட்டு வாசல்ல ஒக்காந்து அடுத்தவன் மனுவ அடிச்சேன். அந்தப் புஸ்தகம் இன்னிக்கும் சபைங்கள்ல படிக்கறாங்க. கங்கனல் ஏதோ ஒரு அகராதியில கூட ஏறிடுச்சு, அவரு பேரப் போட்டு. ரெண்டு வயசுப் பொண்ணோட ஒளறலுக்குப் பண்டிதனுங்க விளக்கம் எழுதறானுங்க. எழுதட்டும்.

ஆனா கூட்டத்துக்கு மறு நாள் காலம்பற ஒண்ணு நடந்துச்சு. ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறதில்ல, ஆனா நைனா வெளிச்சம் வர்றதுக்கு முன்னயே எழுந்து கரைக்குப் போயிட்டாரு. நான் வாசல்ல நின்னேன். மணல்ல சவுக்குக் கட்டையக் கொளுத்தி, எரிய வுட்டு, அடங்கினதும் அஞ்சாறு கானாங்கத்தைய மேல போட்டிருந்தாரு. எனக்குப் புடிச்ச மீனு. நான் போனேன். சமாதானத்துக்குப் போகல, சண்ட போடத் தான் போனேன். எதிர்ல நின்னேன். அவரு நிமிந்து பார்க்காம, குச்சியால மீனத் திருப்பிகினே, "வா. கங்கனல் தணியறதுக்குள்ள துன்னு"ன்னாரு.

சொல்லிட்டு அவருக்கே ஒறச்சுது. குச்சி அப்படியே நின்னு போச்சு.

"இன்னா சொன்ன?"ன்னேன்.

மீன மறுபடி திருப்பப் போனாரு.

"இன்னா சொன்னேன்னு கேக்கறேன். சொல்லு."

"கங்கனல்."

"கேக்கல."

"கங்கனல்"ன்னாரு. கண்ணு தளும்பிடுச்சு. எனக்கு எரக்கம் வரல, நெசமாச் சொல்றேன். "இன்னொரு தரம்"ன்னேன்.

இன்னொரு தரமும் சொன்னாரு. அதுக்கப்புறம் தான் நான் ஒக்காந்து மீனத் தொட்டேன். கேக்கறதுக்கு அந்தக் கரையில காக்காயத் தவிர யாரும் இல்ல.